அண்ணா, காத்து இறங்குது

காலை ஏழரை மணி. மாநிலப் போட்டியின் முதல் ரிலே தொடங்க முக்கால் மணி நேரம் இருந்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஏர் ரைபிளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நின்றாள். "அண்ணா, காத்து இறங்குது." முந்தின நாள் மாலை 200 பாரில் இருந்த மேனோமீட்டர் முள் 120க்கு வந்திருந்தது. இரவு முழுக்கக் கசிந்திருக்கிறது. தேவைப்பட்டது ஒரே ஒரு ரப்பர் வளையம், சுண்டுவிரல் நகம் அளவுகூட வராது. என் பெட்டியில் ஓ-ரிங் ஒரு கைப்பிடி இருந்தது. அந்த அளவு மட்டும் இல்லை. அவள் அன்றைக்கு இரவல் ரைபிளில் சுட்டாள். பட் பிளேட் அவள் தோளுக்குப் பொருந்தவில்லை, சைட் அவள் கண்ணுக்கு வைத்தது இல்லை. ஒரு வருஷப் பயிற்சி அந்த எழுபத்தைந்து நிமிடத்தில் வீணானதை நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆர்மரர் வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் அது. உதிரிப் பெட்டி நிறைந்திருந்தால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் முதலில் நான் கேட்பது வேறு: உன் கிளப்பில் போன வருஷம் எது எத்தனை முறை பழுதானது? அதற்குப் பதில் தெரிந்தவரிடம்தான் சரியான பெட்டி இருக்கும்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர்கள், ராணுவத்தின் ஈ.எம்.இ. பிரிவிலோ போலீஸ் ஆயுதக் கிடங்கிலோ பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள், சுடுகிற விளையாட்டிலிருந்தே இந்தப் பக்கம் வந்தவர்கள் என மூன்று வகையினர் கிளப் ஆர்மரர் ஆகிறார்கள். முதல் இரண்டு வகையினருக்குக் கைவேலை நன்றாக வரும். விளையாட்டு ரைபிளின் நுணுக்கம் மட்டும் புதிதாக இருக்கும். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலப் பொட்டு. களத்தில் கொண்டுபோகும் ஆயுதம் சேற்றிலும் மழையிலும் நின்று சுட வேண்டும். இதுவோ குளிர்சாதன அறையில் வைத்துத் துடைத்தாலும், ஒரு திருகு கால் சுற்று தளர்ந்தால் புள்ளி போய்விடும். அதனால் இங்கே உதிரி என்றால் உடைந்ததற்கு மாற்று மட்டும் இல்லை, தேயத் தொடங்கியதற்கும் மாற்று.

முதலில் நோட்டு, பிறகு பெட்டி

200 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, ரைபிள் எண், என்ன கோளாறு, எந்த உதிரி போட்டோம், அது எத்தனை நாள் தாங்கியது. ஐந்தே பத்தி போதும். கணினியில் வைப்பவர்கள் வைக்கலாம். ஆனால் கிரீஸ் கையோடு உடனே எழுத நோட்டுதான் வசதி. மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுத மாட்டோம், என் அனுபவம் அது.

ஆறு மாதம் எழுதினால் உங்கள் கிளப்பின் முகம் தெரியும். புத்தம்புது ரைபிளில் திருகு தொலைவதும், பழைய ரைபிளில் வளையம் தேய்வதும், ஆரம்பநிலைப் பிள்ளைகள் கைமாற்றிச் சுடும் ரைபிளில் லோடிங் லீவர் பக்கம் கோளாறு வருவதும் வரிசையாகக் கண்ணில் படும். கம்பெனி தரும் உதிரிப் பட்டியலில் நூற்றுக்கும் மேல் பொருள் இருக்கும். நம் கையால் திரும்பத் திரும்ப மாற்றுவது பத்துப் பன்னிரண்டுதான்.

அந்தப் பன்னிரண்டில் ஒவ்வொன்றும் எத்தனை வேண்டும்? இதற்கு ஒரு சின்னக் கணக்கு. 24 ஒரே மாடல் ரைபிள் இருக்கிற கிளப்பில் பெல்லட் வைக்கும் வாய்ப்பக்க வளையம் வருஷத்துக்கு 12 மாற்றுகிறீர்கள் என்று நோட்டு சொல்கிறது. மாதம் ஒன்று. ஆர்டர் போட்டு அனுமதி, கப்பல், சுங்கம் எல்லாம் தாண்டிக் கைக்கு வர நான்கு மாதம் ஆகிறது என்றால் அந்த நான்கு மாதத்துக்கு நான்கு வேண்டும். சரக்கு தாமதித்தால் சமாளிக்க இன்னும் இரண்டு. ஆக பெட்டியில் ஆறு மீதம் இருக்கும்போதே அடுத்த ஆர்டர் போக வேண்டும். காலியான பிறகு போட்டால் நான்கு மாதம் வெறுங்கை. விலையைப் பார்த்து உதிரி வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். விலை மலிவு, எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்று தோன்றும். மலிவான வளையமும் கப்பலில்தான் வர வேண்டும். வருவதற்கு ஆகும் நாளைப் பார்த்து வாங்குங்கள்.

நம் ஊரில் புழங்கும் போட்டி ரைபிள்களில் பெரும்பங்கு ஜெர்மனியிலிருந்து வருவது: உல்ம் நகரத்து வால்தர், அன்ஷூட்ஸ், ஓபர்ண்டார்ஃப் ஊரின் ஃபைன்வெர்க்பாவ். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் இன்னொன்று. இதில் ஒன்றின் உதிரி மற்றதற்குச் சேராது. ஒரே கம்பெனியின் அடுத்தடுத்த மாடல்களிலும் பல உள்பாகங்கள் மாறியிருக்கும். கிளப் செயலாளர் புது ரைபிள் வாங்கப்போகிறார் என்று காதில் விழுந்தால் அப்போதே போய்ப் பேசுங்கள். "சார், ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கற மாடலையே வாங்குங்க, ரெண்டு பெட்டி உதிரி வாங்க வேண்டி வராது." ஐந்து கம்பெனி ரைபிள் வைத்திருக்கும் கிளப், ஐந்து தனித்தனிக் கடை நடத்துகிற மாதிரிதான். ஆர்மரரைக் கேட்காமல் வாங்கிய ரைபிள்கள் உதிரி இல்லாமல் அலமாரியில் கிடப்பதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

வளையம் என்னும் பெரிய விஷயம்

அழுத்தக் காற்று ரைபிளில் பழுது என்று வருவதில் பாதிக்கு மேல் என் நோட்டில் ஓ-ரிங்தான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வளையத்துக்கு மூன்று அடையாளம் உண்டு: உள்விட்டம், தடிமன், கடினம். 10 × 2 என்றால் உள்விட்டம் 10 மில்லிமீட்டர், ரப்பரின் தடிமன் 2 மில்லிமீட்டர். அமெரிக்க அளவுத் தொடரில் 1.78 மில்லிமீட்டர் தடிமன் ஒன்று இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கடையில் "இதே சைஸ்தான் சார்" என்று தருவார்கள். போட்ட அன்று பிடிக்கும், மூன்றாம் நாள் கசியும். வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். கடினத்தை ஷோர் என்ற எண்ணில் சொல்வார்கள். சாதாரண வளையம் 70 இருக்கும். 200 பார் அழுத்தம் நேரடியாகத் தாங்கும் இடத்தில் பெரும்பாலும் 90 கேட்கும். அங்கே 70 போட்டால் ரப்பர் இடுக்கில் பிதுங்கிக் கிழியும். எந்த இடத்துக்கு எது என்பதைக் கம்பெனிக் கையேட்டில் பார்த்து, உங்கள் கையெழுத்தில் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

வளையத்தை ஆணியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள். இழுபட்டு முட்டை வடிவம் ஆகிவிடும். மடிக்காமல், இருட்டான உறையில் தட்டையாக வையுங்கள். வெயிலும் சூடும் ரப்பருக்கு எதிரி. மின்மோட்டார் ஓடும் இடத்தில் உண்டாகும் ஓசோனும் அப்படியே. அதனால் காற்றடிக்கும் கம்ப்ரஸருக்குப் பக்கத்து அலமாரி வேண்டாம். உறையின்மேல் வாங்கிய மாதமும் வருஷமும் எழுதுங்கள், பழையதை முதலில் எடுங்கள். எடுத்ததும் விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அது புதிதாகவே இருந்தாலும் குப்பை.

கிரீஸ் விஷயத்தில் விளையாட்டே கூடாது. காற்று நிரப்பும் இடத்திலும் உயரழுத்தப் பாகங்களிலும் பெட்ரோலிய எண்ணெய் படக் கூடாது. அழுத்தக் காற்று சட்டென்று பாயும்போது சூடேறி அந்த எண்ணெய் பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அங்கே கம்பெனி சொன்ன சிலிகான் கிரீஸ், அதுவும் பட்டும் படாமலும். ஆனால் வளையமே சிலிகான் ரப்பராக இருந்தால் சிலிகான் கிரீஸ் அதை ஊதவைத்துவிடும். எந்த ரப்பர் என்று தெரிந்துகொண்டு தடவுங்கள்.

கசிவு என்று யார் வந்தாலும் உடனே பிரிக்க உட்காராதீர்கள். வேகமாக நிரப்பிய சிலிண்டர் சூடாக இருக்கும், ஆறியதும் முள் கொஞ்சம் இறங்கும். அது கசிவு இல்லை. ஆறவிட்டு, எண்ணைக் குறித்து, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்புறமும் இறங்கினால் சோப்புத் தண்ணீர். குமிழ் வரும் இடம் தெரிந்த பிறகு சிலிண்டரைக் கழற்றி, உள்ளே தங்கிய காற்றையும் வெளியேற்றிவிட்டுத்தான் கருவியைக் கையில் எடுக்க வேண்டும். அழுத்தம் இருக்கும்போது திருகைத் தளர்த்தி விரலைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத தேய்மானமும் இருக்கிறது. ரெகுலேட்டரின் உள்வளையம் தளர்ந்தால் வெளியே குமிழே வராது. புள்ளி மட்டும் மேலும் கீழும் சிதறும். பிள்ளை தன் கை சரியில்லை என்று அழும், பயிற்சியாளர் நிற்கும் நிலையை மாற்றுவார். ஆர்மரர் செய்ய வேண்டியது வேகமானியை முன்னால் வைத்துப் பத்து குண்டு சுடுவது. போட்டி ஏர் ரைபிள் வினாடிக்கு 170 மீட்டரை ஒட்டிய வேகத்தில் அனுப்பும். அந்த எண் குண்டுக்குக் குண்டு அதிகம் மாறினாலோ, நெடுநேரம் சும்மா வைத்துவிட்டுச் சுடும் முதல் குண்டு மட்டும் எகிறினாலோ ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ரைபிளின் வேகத்தையும் நோட்டில் ஏற்றிவைத்தால் பழுது வருமுன்னே தெரியும். உதிரியை நிதானமாக வரவழைத்து மாற்றலாம்.

இன்னொன்று. காற்று நிரப்பும் அடாப்டரில் ஒரு வளையம் இருக்கிறது. ஒரு ரைபிளின் வளையம் போனால் ஒரு பிள்ளைக்குக் கஷ்டம், அடாப்டர் வளையம் போனால் கிளப்பே சும்மா உட்கார வேண்டும். அந்த வளையத்தில் ஐந்தும், அடாப்டரே ஒன்று கூடுதலாகவும் வையுங்கள்.

டோக்கியோவில் நிற்காத கடிகாரம்

2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக், பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. மனு பாக்கர் நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தபோது பிஸ்டலின் காக்கிங் லீவர் உடைந்தது. கைப்பிடியைக் கழற்றி லீவரை மாற்றினால், எலக்ட்ரானிக் டிரிகரின் சுற்றும் தகராறு செய்தது. எல்லாம் முடித்து மீண்டும் சுடும் இடத்துக்கு வருவதற்குள் பதினைந்து நிமிடத்துக்கும் மேல் ஓடிவிட்டது. மீதிக் குண்டுகளை அவசரமாகச் சுட வேண்டியிருந்தது. 575 புள்ளி, 12ஆம் இடம். எட்டாம் இடத்தில் இருந்தவரின் புள்ளி 577. மூன்று வருஷம் கழித்துப் பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வாங்கினார் என்பது நாட்டுக்கே தெரியும். நமக்கு முக்கியம் டோக்கியோ.

அவரிடம் மாற்றுப் பிஸ்டலும் இருந்தது. ஆனால் போட்டி நடுவில் வேறு ஆயுதத்தை எடுத்தால் சைட், பிடி எல்லாம் புதிதாகப் பழக வேண்டும் என்பதால் பழுதுபார்ப்பதையே தேர்ந்தெடுத்தார்கள். என் மாணவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்வது இரண்டு. ஒன்று, மாற்று ஆயுதம் பெட்டியில் தூங்கக் கூடாது. மாதம் இரண்டு நாளாவது அந்தப் பிள்ளை அதைச் சுட வேண்டும், சைட் எண்கள் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு, உதிரி வாங்கியதும் உறையோடு அடுக்காதீர்கள். லீவர், டிரிகர் யூனிட், ஃபயரிங் பின் எதுவானாலும் ஒருமுறை ரைபிளில் பொருத்தி, சுட்டுப் பார்த்து, கழற்றி வையுங்கள். உறையில் "பொருத்திப் பார்த்தது", தேதி, ரைபிள் எண். மாட்டிப் பார்க்காத உதிரியை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதே இல்லை. எத்தனை நிமிடத்தில் மாற்ற முடிகிறது என்றும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். வீட்டு மேசையில் இருபது நிமிடம் ஆகும் வேலை, மைதானத்தில் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும்.

2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவுக்கு நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். இறுதிச் சுற்றுக்கு முந்தைய பயிற்சிக் குண்டு எங்கோ போனபோதுதான் சைட் இடம் மாறியிருப்பது அவருக்குத் தெரிந்தது. சமாளித்துச் சரிசெய்து 700.5 புள்ளியோடு தங்கம் வென்றார். நாம் செய்யக்கூடியது எளிது. சைட் பிடிப்பான், ஸ்டாக் திருகு, பட் பிளேட் திருகு ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் உடல்மேல் ஒரு மெல்லிய பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். திருகு அசைந்தால் கோடு உடைந்து தெரியும். திருகுகளும் உதிரிதான். ஆலன் தலை, டார்க்ஸ் தலை இரண்டிலும் உங்கள் மாடலுக்கு வேண்டிய அளவில் நாலைந்து வையுங்கள். ரயில் பயணத்தில் மாயமாவது இவைதான்.

.22 பக்கம்

50 மீட்டர் ரைபிள் வேறு உலகம். அங்கே நான் வைத்திருப்பது ஃபயரிங் பின், அதன் ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர் மூன்றும்தான் முதலில். ரிம்ஃபயர் தோட்டாவில் பின் விளிம்பில் அடிக்கும். பல .22 ரைபிள்களில் வெறும் அறையில் டிரிகரை இழுத்து இழுத்துப் பழகினால் பின்னும் அறை விளிம்பும் அடிபடும். அதற்கான பயிற்சிப் பொருளைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், உதிரிச் செலவே குறையும். ஸ்பிரிங் சோர்ந்தால் தோட்டா வெடிக்காமல் நிற்கும், அல்லது புள்ளி செங்குத்தாகச் சிதறும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று ஸ்பிரிங்கை முதலில் தின்னும். சிலிக்கா ஜெல் பொட்டலமும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் இல்லாமல் எந்த எஃகு உதிரியையும் டப்பாவில் போடாதீர்கள்.

போல்ட்டை மட்டும் ஒரு ரைபிளிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டுவிடாதீர்கள். பார்வைக்குப் பொருந்தும். தோட்டாவின் பின்புறம் இருக்க வேண்டிய இடைவெளி பொருந்தாது. இது பழைய பாடம். பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 லீ-என்ஃபீல்டு நான்காம் எண் ரைபிளில் இந்த இடைவெளியைச் சரிசெய்வதற்கென்றே 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட நான்கு போல்ட் தலைகள் இருந்தன. ஆர்மரர் அளவுகோல் வைத்துப் பார்த்துத் தகுந்ததைப் போடுவார். ஒரே அச்சில் வார்த்ததுபோல ஆயிரக்கணக்கில் செய்த ரைபிளுக்கே அந்த நிலைமை.

இங்கே சட்டமும் வருகிறது. 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி என்றால் அதன் பாகங்களும் அடக்கம். பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் வேண்டும். ஆக .22 உதிரி ஒவ்வொன்றும் பதிவேட்டில் வரவு செலவாக நிற்க வேண்டும், உங்கள் கிளப் உரிமம் எதையெல்லாம் அனுமதிக்கிறது என்று படித்திருக்க வேண்டும், போல்ட்டும் ரைபிளும் வேறு வேறு பூட்டில் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை வீட்டு மேசை டிராயருக்குக் கொண்டுபோகும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டவே வேண்டாம். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லாவிட்டாலும் கணக்கில் வராத ஒரு போல்ட் உங்கள் வேலையை முடித்துவிடும்.

பழையதை என்ன செய்வது

கழற்றிய வளையத்தைத் தூக்கி அதே பெட்டியில் போடுவது நான் அதிகம் பார்க்கும் தவறு. அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும். மாற்றியதும் கத்தரியால் இரண்டாக வெட்டிவிடுங்கள். ஓடாத ஒரு பழைய ரைபிளை உதிரிக்காக வைத்துக்கொள்வது நல்ல யோசனைதான். லீவர், ஸ்டாக், சைட் போன்றவை அதிலிருந்து கிடைக்கும். ரப்பரையும் ஸ்பிரிங்கையும் அதிலிருந்து எடுக்காதீர்கள். சிலிண்டரை எடுப்பதாக இருந்தால் அதில் பொறித்த காலாவதி நாளைப் பாருங்கள். நாள் கடந்த சிலிண்டரோடு பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பினால் பொறுப்பு போட்டியாளர் தலையில் விழும். காலாவதிக்கு ஒரு வருஷம் முன்பே புதியதற்கு எழுதிவிடுங்கள். உயரழுத்தச் சிலிண்டரை வரவழைப்பது வளையத்தை வரவழைப்பது போலச் சுலபமாக முடியாது.

பணம் கேட்கும்போது பட்டியலை நீட்டாதீர்கள், நோட்டை நீட்டுங்கள். "போன வருஷம் உதிரி இல்லாமல் 11 ரைபிள் மொத்தம் 140 நாள் நின்றது" என்று உங்கள் நோட்டைக் கூட்டிச் சொல்ல முடிந்தால் எந்தச் செயலாளரும் யோசிப்பார். இந்த நோட்டுதான் உங்களுக்கு அடுத்த வேலைக்கான சான்றிதழும். பெரிய பயிற்சி மையங்களில் நேர்காணலுக்குப் போகும்போது என் மாணவர்களை அதையே எடுத்துப்போகச் சொல்வேன். உலகக் கோப்பைப் போட்டி தில்லி கர்ணி சிங் மைதானத்தில் நடக்கும்போது வாய்ப்பிருந்தால் போய்வாருங்கள். ரைபிள் கம்பெனிகளின் தொழில்நுட்பக்காரர்கள் அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் உதிரிப் பெட்டியை எப்படி அடுக்கியிருக்கிறார்கள், எதைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அரை நாள் பார்த்தாலே போதும். கேட்டால் சொல்லவும் செய்வார்கள்.

போட்டிப் பை தனி. கிளப் பெட்டியிலிருந்து அப்போதைக்கு அள்ளிப்போடுவது கூடாது. என் பையில் எப்போதும் இருப்பவை: கலந்துகொள்ளும் மாடல் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வளையத் தொகுப்பு, எலக்ட்ரானிக் டிரிகருக்குப் புது பேட்டரி இரண்டு, டிரிகர் ஸ்பிரிங், லீவர் பின், திருகுகள், நிரப்பும் அடாப்டர், ஆலன் கீ இரண்டு செட், சிலிகான் கிரீஸ், பயிற்சி மையத்தில் பரிசோதித்த ஒரு சிலிண்டர், ஒரு சின்ன டார்ச், ஒரு வெள்ளைத் துணி. துணி எதற்கென்றால், அதன்மேல் பிரித்தால் கீழே விழும் திருகு உருண்டு ஓடாது. போட்டி முடிந்து ஊர் திரும்பிய இரவே, எவ்வளவு களைப்பானாலும், எடுத்ததை எல்லாம் நிரப்பி மூடி, மூடியின்மேல் தேதி எழுதி ஒட்டிவிட்டுத்தான் படுப்பேன்.